ஒற்றைப் பாட்டுக்காரனின் மின்சார சபை

கொக்குவில்,
12.02.1994

அன்புத் தங்கச்சி பத்மாசினிக்கு,

நாங்கள் நலம். நீயும் மச்சான் சோமசேகரமும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கீரிமலை நகுலேஸ்வரர் துணை நிற்பார். ஆமி பிடித்ததால் அவர் இருக்கும் பக்கம் நாங்கள் போய் நாலு வருடமாகிறது. அவராக வந்து எங்களைப் பார்த்தால்தான் உண்டு.

உன் கடிதம் மூன்று மாதம் நடந்து வந்து சேர்ந்தது. ஞானாவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் குடும்பத்தின் புகழ்பெற்ற மனிதர்' என்று ஏதோ எழுதச் சொன்னார்களாம். வேறு ஒருவரும் அகப்படாததால் என் விபரம் கேட்டிருக்கிறாய். மருமகளை எழுதிக்கொள்ளச் சொல்லு.

மாமன் பெயர் பஞ்சலிங்கம். வயது நாற்பத்தெட்டு. முன்னாள் பஸ் கொண்டக்டர். இந்நாளில் பஸ் இல்லாத டிப்போவுக்கு ரைம்கீப்பர். வராத பஸ் எத்தனை மணிக்கு வரவில்லை என்று எழுதிவைப்பது என் வேலை. 1974ஆம் ஆண்டு, கீரிமலை பஸ்ஸில் நான் தினமும் தொண்டை கிழியக் கத்தியதையே ஒரு பொப் இசைக் குழுவோடு சேர்ந்து பாட்டாக்கினேன். அதிலே இராகம் என்று ஒன்று கிடையாது. தாளத்துக்கு மூச்சு விடாமல் பேசுவதுதான்.

அரக்குங்கோ அரக்குங்கோ
அண்ணை கொஞ்சம் அரக்குங்கோ
வாசலிலை ஒரு கால் தொங்குது
வந்தவரை ஏத்துங்கோ
நாலு பேரின்ரை இடத்திலை
நமசிவாயம் இருக்கிறார்
நாடியிலை கையை வைச்சு
நல்லாய் நித்திரை கொள்ளுறார்!

லண்டனில் பிறந்த பிள்ளைக்கு 'அரக்குவது' என்றால் என்னவென்று தெரியாது. கொஞ்சம் நகர்ந்து மற்றவனுக்கு இடம் விடுவது என்று சொல்லிக்கொடு. எங்கள் ஊரில் சொல் இருக்கிறது, செயல்தான் குறைவு.

இசைத்தட்டு வெளியாகி ஒரு மாதத்தில் பருத்தித்துறைப் பிள்ளைகள் முதல் பாணந்துறைச் சிங்களவர் வரைக்கும் பாடினார்கள். அதன் பிறகு நான் பாடியது எதுவும் எடுபடவில்லை. வெங்காயத்தைப் புகழ்ந்து ஒன்று பாடினேன். அந்தக் கிழமையே வெங்காயம் விலை விழுந்து, வெங்காயம் நட்ட கமக்காரர் என்னைத் தேடினார்கள். பல்வலியைப் பற்றி ஒன்று பாடினேன். கேட்டவர்களுக்குப் பல் வலித்ததாம். இருபது வருடமாக எங்கே போனாலும் அந்த ஒன்றையே கேட்கிறார்கள். போன மாதம் ஒரு செத்தவீட்டில் பாடை தூக்குகிற நேரம் பின்னாலிருந்து யாரோ "அண்ணை, அரக்குங்கோ" என்றான். அழுதுகொண்டிருந்த சனமெல்லாம் சிரித்துவிட்டது. பழி எனக்கு.

சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த நமசிவாயத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். பாட்டில் வருகிறவர் அவரேதான். இன்றைக்கும் என்னோடு பேச்சில்லை. "நான் ரெண்டு பேரின்ரை இடம்தான் எடுத்தனான். நாலு எண்டு பொய் சொல்லிப்போட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

பிள்ளை இவ்வளவையும் எழுதினால் காணும், மிச்சம் வேண்டாம்.

அன்பு அண்ணை,
பஞ்சலிங்கம்


ஈஸ்ற்ஹாம், லண்டன்,
09.04.1994

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். குளிர் இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ்மார் பற்றாக்குறை என்பதால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

ஞானா எழுதியதை ரீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினாவாம். "அந்தப் பாட்டைக் கேட்கலாமா?" என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருந்த இசைத்தட்டு வீடு மாறும்போது உடைந்துவிட்டது. அதை இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை. கோபிக்க வேண்டாம். உங்கள் குரலை ஒரு கசற்றில் பதிந்து, யாராவது கொழும்புக்கு வந்தால் கொடுத்துவிடுங்கோ.

மச்சாள் எப்படி இருக்கிறா? வழக்கமாக உங்கள் கடிதத்தின் ஓரத்தில் அவ இரண்டு வரி எழுதுவா. நீங்கள் எழுதியதில் எது பொய் என்று அதில் இருக்கும். இந்த முறை ஓரம் வெறுமையாக வந்தது.

அன்புள்ள தங்கை,
பத்மாசினி


கொக்குவில்,
20.05.1994

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உன் மச்சாள் பாலேசுக்கு எழுத நேரமில்லை. அவ இப்போது என்னுடைய மின்சார சபை.

விளக்கமாகச் சொல்லுகிறேன். இங்கே கரண்ட் நின்று நாலு வருடம். பற்றரி தங்கத்துக்குச் சமம். ஆனால் மூளைக்கு ஒருவரும் தடை போடவில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை உரச விட்டு, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் றெக்கோடருக்குக் கொடுக்க வேண்டியது. ஒருவர் சீற்றில் இருந்து பெடல் மிதித்தால் றெக்கோடர் ஓடும். ஊர் முழுக்க இப்படித்தான் செய்தி கேட்கிறது. சைக்கிள் கடைச் சூசைதாசன் வந்து எல்லாவற்றையும் பூட்டித் தந்தான். நான் பாட வேண்டும், ஆகவே மிதிக்க முடியாது. மிதித்தது பாலேஸ்வரி.

இதோடு வரும் கசற்றில் 'அரக்குங்கோ' இல்லை. மன்னிக்க வேண்டும். அந்தச் சனியனை நான் ஏழாயிரம் தரம் பாடிவிட்டேன். இது என் புதுப் பாட்டு. தத்துவம். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து மெல்ல மெல்லப் பாடுகிறான்:

ஆறுதலாய் நட மனமே – உன்
அவசரம் ஆருக்கு மனமே...

தேர் அசைகிற மாதிரி, அவ்வளவு நிதானமாகப் பாடியிருக்கிறேன். கேட்கிறவர் கண்ணில் தண்ணீர் வராவிட்டால் என் பெயரை மாற்று. மூன்று சரணம் முடிந்து நாலாவது தொடங்கும்போது எங்கள் மின்சார சபை வேலைநிறுத்தம் செய்யப் பார்த்தது. "இஞ்சாருங்கோ, காணும்" என்றது. "இன்னும் ஒரு சரணம்தான், பாலேசு" என்று கையைக் காட்டிச் சமாளித்துவிட்டேன். உற்றுக் கேட்டால் கடைசியில் அவவின் குரலும் கேட்கும்.

கொழும்புத்துறைச் சிமியோன் மாஸ்ரர் கொழும்புக்குப் போகிறார். அவர் கையில் தருகிறேன். எழுதி வைத்துக்கொள், தங்கச்சி: பஞ்சலிங்கத்துக்கு இரண்டாவது பாட்டும் உண்டு என்று உலகம் சொல்லப்போகிறது.

வெற்றியை எதிர்பார்க்கும்,
அண்ணை


ஈஸ்ற்ஹாம்,
18.07.1994

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கசற் பத்திரமாக வந்தது. போட்டுக் கேட்டோம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நாலு தரம் போடச் சொன்னார்கள். சோமசேகரம் இருந்த கதிரையை விட்டு எழும்பிவிட்டார். போன சனிக்கிழமை ஞானாவின் சிநேகிதி வீட்டுப் பிறந்தநாளுக்கும் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. உங்கள் குரல் முன்னரைவிட இளமையாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இன்றைக்கு வேலைக்கு நேரமாகிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன். மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ.

பத்மாசினி


கொக்குவில்,
30.08.1994

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நலம் என்பது சின்னச் சொல். நான் தரையில் இல்லை.

மச்சான் சோமசேகரம் கதிரையை விட்டு எழும்பினாரா! கலியாணத்தன்று ஐயர் கூப்பிட்டும் எழும்பாத மனிதன் என் பாட்டுக்கு எழும்பியிருக்கிறார். பிறந்தநாள் வீட்டிலும் ஒருவரும் இருக்கவில்லையாம். தத்துவத்துக்கு அவ்வளவு மரியாதை! உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்திக்குச் சந்தி வாசித்தேன். பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை அண்ணை ஏழு தரம் கேட்டுவிட்டு, எட்டாவது தரம் நான் வரக் கண்டு வேலியால் குனிந்து போய்விட்டார். நமசிவாயத்துக்கும் கேட்கட்டும் என்று அவர் வீட்டு வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். அவர் உள்ளேயிருந்து, "அதிலை ஆரின்ரை பேரைக் கெடுத்திருக்கிறானாம்?" என்று மனிசியிடம் கேட்டார்.

குரல் இளமையானதற்குக் காரணம் மிளகும் கற்கண்டும். இரகசியம்.

ஒன்றுதான் நீ எழுதவில்லை. அழுதார்களா? எத்தனை பேர்? எந்தச் சரணத்தில்?

பாலேசு உன்னை விசாரித்தா.

அன்பு அண்ணை


ஈஸ்ற்ஹாம்,
02.10.1994

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொல்லாமல் இனி முடியாது. போன கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை, பாதியை எழுதவில்லை.

ஒருவரும் அழவில்லை, அண்ணை. ஆடினார்கள்.

இங்கே கசற்றைப் போட்டால் உங்கள் பாட்டு ஓடுகிற ஓட்டம்! முதல் சரணம் மாட்டுவண்டி வேகத்தில் போகிறது. இரண்டாவது சைக்கிள். மூன்றாவது கீரிமலை பஸ். நாலாவதில் பிரேக்கே இல்லை. குரல் கீச்சுக் கீச்சென்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கோபத்தில் கதைக்கிற மாதிரி. சோமசேகரம் எழும்பியது மரியாதைக்கு இல்லை. அவரும் இரண்டு சுற்று ஆடினார். நான் பார்த்தேன்.

ஞானா சொல்லுகிறாள், "அம்மா, மாமா ராப் பாடுறார்" என்று. இங்கே இளம் பிள்ளைகளிடம் இப்போது அதுதான் மோஸ்தர். பாடாமல் தாளத்துக்கு வேகமாகப் பேசுவது. கசற்றை ஆளுக்காள் பிரதி எடுத்து, இங்கத்தைய தமிழ் வானொலியிலும் போட்டுவிட்டார்கள். ஏப்ரலில் புதுவருடக் கலைநிகழ்ச்சிக்கு உங்களைக் கூப்பிட்டுப் பாட வைக்க வேண்டுமென்று தமிழ்ச் சங்கத்தில் தீர்மானித்திருக்கிறார்கள். போஸ்டர் கூட அடித்தாயிற்று: 'ஆறுதலாய் நட மனமே புகழ் பஞ்சலிங்கம்'. உங்களுக்கு இரண்டாவது பாட்டு வந்துவிட்டது, அண்ணை. நீங்கள் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஏன் சரணத்துக்குச் சரணம் வேகம் கூடுகிறது? மிதித்தது மச்சாள்தானே? அவ சுகமாக இருக்கிறாவோ? இதற்கு மட்டும் பகிடி விடாமல் பதில் எழுதுங்கோ.

பத்மாசினி


கொக்குவில்,
14.11.1994

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். உன் கடிதத்தைக் கண்டு மூன்று நாள் ஒருவரோடும் பேசவில்லை. ஊருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்ததாம்.

நாலாம் நாள் சூசைதாசனிடம் போனேன். அவன் கேட்டுவிட்டு நிலத்தில் இருந்து சிரித்தான். "அண்ணை, மிதிக்கிறவை களைச்சால் ரேப் மெள்ள ஓடும். மெள்ள ஓடேக்கை பதிஞ்சதை லண்டன் கரண்டிலை போட்டால் அது பறக்கும்தானே!" என்றான். விளங்கியதா? இங்கே ஆறுதலாக நடந்த மனம் அங்கே போய் ஓடியிருக்கிறது. வெளிநாட்டுக்குப் போன எல்லா யாழ்ப்பாணத்தானுக்கும் நடக்கிறதுதான்.

முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ராப் என்றால் என்ன? இராகம் இல்லாமல், மூச்சு விடாமல், தாளத்துக்குப் பேசுவது. அதை நான் 1974இலேயே கீரிமலை பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு செய்துவிட்டேன். வெள்ளைக்காரனும் கறுப்பனும் இப்போதுதான் எனக்குப் பின்னால் ஓடி வருகிறார்கள். இதைச் சங்கத்தாருக்கு எடுத்துச் சொல்லு. போஸ்டரில் 'ராப்பின் தந்தை' என்று சின்ன எழுத்திலாவது போடலாம்.

ஏப்ரலுக்கு வருகிறேன். ஆழ்வாப்பிள்ளை அண்ணை தன் கலியாணக் கோட்டைத் தருகிறேன் என்றார். கை முழங்கையோடு நிற்கிறது. ராப்புக்கு அது பொருந்தும் என்றார். பனங்காய்ப் பணியாரம் கொண்டுவருவேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இப்போது நான்தான் அள்ளுகிறேன், உடம்புக்கு நல்லது. பாலேசு சாய்மனைக் கதிரையில்தான் படுக்கிறா, அங்கே காற்று வருமாம். தங்கமுத்துவின் மகளுக்குக் கனடா மாப்பிள்ளை. படத்தில் மாப்பிள்ளையைவிடக் காருக்குத்தான் களை அதிகம்.

வேறு விசேஷமில்லை.

ராப்பின் தந்தை,
பஞ்சலிங்கம்


ஈஸ்ற்ஹாம்,
03.12.1994

அண்ணைக்கு,

இத்தனை வருடமாக உங்கள் கடிதமெல்லாம் 'நாங்கள் நலம்' என்றுதான் தொடங்கும். இந்த முறை 'நான் நலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்ட கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் வந்திருக்கிறது, கோட்டின் கை நீளம் உட்பட.

ஞானாவின் சிநேகிதியின் தமையனிடம் கசற்றின் வேகத்தைக் குறைக்கிற மெஷின் இருக்கிறது. நேற்று அங்கே கொண்டுபோனேன். சரணத்துக்குச் சரணம் குறைத்துக் குறைத்துப் போட்டார்கள். அப்போதுதான் முதல்முதலாக உங்கள் பாட்டைக் கேட்டேன். நல்ல பாட்டு, அண்ணை. அழுதேன். ஆனால் பாட்டுக்கு இல்லை.

பாட்டுக்குப் பின்னால் மச்சாளின் மூச்சு கேட்கிறது. இரண்டாவது சரணத்தில் அது வாங்குகிறது. நாலாவதில் அது மூச்சே இல்லை, இழுப்பு. "காணும்" என்று ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் சொல்லுகிறா. சில்லு ஓய்கிற நேரத்தில் ஏதோ விழுகிற சத்தமும் இருக்கிறது.

நான் பதினாறு வருடம் நர்ஸ். எத்தனை தலையணை வைத்துச் சாய்ந்தால் அவவுக்கு மூச்சு வருகிறது? பின்நேரத்தில் பாதம் வீங்குகிறதா? சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா? பதில் எழுத முதல் டொக்ரரிடம் கொண்டுபோங்கோ. ஏப்ரலும் போஸ்டரும் கிடக்கட்டும்.

பத்மா


கொக்குவில்,
16.01.1995

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். கொப்பித் தாள் விற்கிற விலைக்கு அது பெரிய பாவம்.

விழுந்தது செம்பு. தட்டிவிட்டது பாலேசுவின் கை. சைக்கிளால் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெள்ள நிலத்தில் இருந்துவிட்டா. நான் றெக்கோடரைத்தான் முதலில் பார்த்தேன், தண்ணீர் பட்டுவிட்டதோ என்று. அதை உனக்கு எழுதாமல், வேலைநிறுத்தம் என்று பகிடி எழுதினேன். அவவுக்கு மூச்சு முட்டுவது அதற்கு முன்னரே எனக்குத் தெரியும். போன வருடத் தைப்பொங்கலுக்குக் கோலம் போட்டு நிமிர முடியாமல் நின்றா. கேட்டால் "ஒண்டுமில்லை, வயசு" என்பா. எனக்கும் ஒன்றுமில்லை என்றே இருக்க விருப்பம். இருபது வருடம் ஒரே பாட்டோடு திரிந்தவனுக்கு இரண்டாவது வருகிறபோது, வேறு ஒன்றும் வரக்கூடாது என்று ஆசை. உன் அக்டோபர்க் கடிதத்தை வாசித்த அன்றைக்கே காரணம் விளங்கிவிட்டது. சூசைதாசனிடம் போனது அவன் வேறு காரணம் சொல்லுவான் என்ற நம்பிக்கையில்.

டொக்ரரிடம் போனோம். தலையணை மூன்று. பாதம் வீங்குகிறது. சின்ன வயதுக் காய்ச்சலும் உண்மை. நீ அங்கே இருந்து கேட்டதையே அவர் இங்கே இருந்து கேட்டார். இருதயத்துக்குள் ஒரு கதவு ஒடுங்கிவிட்டதாம். இரத்தம் உள்ளே போக முடியாமல் வாசலில் நெருக்குப்படுகிறதாம். எனக்கு உடனே விளங்கியது. உள்ளே ஒருவரும் அரக்குகிறார்கள் இல்லை. கொழும்பில் வெட்டித் திறந்துவிடலாம், பிந்தக் கூடாது என்றார்.

இப்போது சண்டை நிறுத்தம். கிளாலியால் கடலேரியைக் கடந்து போகலாம். வெளியே போக விடுகிற பாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரலுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாமென்று சங்கத்தாருக்குச் சொல்லு. கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணை


கொக்குவில்,
24.01.1995

அன்புள்ள பத்மாவுக்கு மச்சாள் எழுதிக்கொள்வது,

நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அவர் டிப்போவுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

உங்கள் அண்ணை எல்லாப் பழியையும் தன்மேல் போட்டு எழுதியிருப்பார். பழியிலும் அவருக்குத்தான் முதலிடம் வேண்டும். நம்ப வேண்டாம். எனக்கு இரண்டு கால் இருந்தது, இறங்கியிருக்கலாம். நாலாவது சரணம்தான் நல்ல சரணம். வெங்காயப் பாட்டையும் பல்வலிப் பாட்டையும் கேட்டு இருந்தவளுக்கு இது நல்ல பாட்டு என்று தெரியாதா? அதனால் மிதித்தேன். கொஞ்சம் கூடிப்போயிற்று.

பிள்ளைகள் ஆடுகிறார்களாம். ஆடட்டும், நிற்பாட்டாதேங்கோ. நான் களைத்ததில் யாராவது ஆடினால் நல்லதுதானே.

பயமாக இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பாட்டாகக் கட்டிவிடுவார். வெட்டுகிறதற்குப் பயமில்லை. கிளாலிப் படகுதான் யோசனை. இருபது பேரை அடைவார்களாம். காலை மடித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டுமாம். அப்படி இருந்தால் எனக்கு ஐந்து நிமிஷத்துக்கு மூச்சு வராது. சாய்ந்து கால் நீட்ட வேண்டும். கடலேரி முழுக்க யார் எனக்கு நாலு பேரின் இடம் விடப்போகிறார்கள்?

அங்கே குளிராம். காதை மூடிக்கொள்ளுங்கோ.

பாலேஸ்வரி


கொழும்பு,
11.03.1995

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். இந்த முறை அந்தச் சொல்லை எழுத முதல் கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். போன வியாழக்கிழமை கதவைத் திறந்துவிட்டார்கள். நேற்று ஒரு தலையணையோடு படுத்தா. காலையில் எழும்பி, நான் சவரம் செய்யாததைப் பற்றி முழு மூச்சில் கதைத்தா. மூச்சு இவ்வளவு நீளம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

வந்த கதையைக் கேள். கிளாலிக்கரையில் பின்நேரம் நாலு மணி. வெய்யில் சரியத் தொடங்கிவிட்டது. எங்கள் முறைக்கு வந்த படகில் ஏற்கனவே பதினெட்டுப் பேர், பெட்டிகள், இரண்டு சைக்கிள், ஒரு ஆடு. படகுக்காரன் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரோ? ஏறுங்கோ, ஏறுங்கோ. குந்துங்கோ" என்றான். பாலேசு குந்தினா. உதடு நீலமாகியது. தூக்கி நிமிர்த்தினேன். "தம்பி, இவவுக்குச் சாய இடம் வேணும். இருதய வருத்தம்" என்றேன். படகில் இருந்த எல்லோருக்கும் ஏதோ வருத்தம் இருந்தது. ஒருவருக்கு நாரிப் பிடிப்பு, ஒருவருக்கு நீரிழிவு, ஆட்டுக்காரருக்கு ஆட்டின் வருத்தம். ஒருவரும் அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் "ஏறுங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ!" என்று கத்துகிறார்கள். படகுக்காரன், "அண்ணை, அடுத்த படகிலை வாங்கோ. இல்லாட்டி நாளைக்கு" என்றான். நாளைக்குச் சண்டை நிறுத்தம் இருக்குமோ இல்லையோ யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியில் கட்டில் ஒதுக்கிய நாள் மறுநாளைக்கு மறுநாள்.

எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, தங்கச்சி. வேறு ஒன்றும் என்னிடம் இருந்ததுமில்லை. படகு விளிம்பில் ஒற்றைக் காலை வைத்து, மற்றக் காலைத் தொங்கப்போட்டு, ஒரு கையால் படகின் தடியைப் பிடித்துக்கொண்டு, கீரிமலை பஸ் குரலில் தொடங்கினேன்.

"அரக்குங்கோ அரக்குங்கோ! அண்ணை கொஞ்சம் அரக்குங்கோ!"

பிறகு நாரிக்காரர், "எட, இது பஞ்சலிங்கமெல்லே!" என்றார். ஒரு மனிசி சிரித்தா. அடுத்த வரியை அவவே எடுத்தா. படகின் முன்பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் தாளம் தட்டினார்கள். தாளம் வந்தால் சனத்துக்கு உடம்பு தானாக அசையும். அசைந்தால் அரக்கும். இருபது வருடத்தில் அந்தப் பாட்டு சொன்ன வேலையைச் செய்தது அன்றைக்குத்தான். ஆடு கூட இடம் விட்டது.

ஆனால் பின்பக்கம், சாய்வான நல்ல இடத்தில், அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு ஒருவர். மெலிந்து, கழுத்து எலும்பு தெரிய, தலையில் துவாயோடு. திரும்பினார். நமசிவாயம்! மகளுக்குப் பிரசவம் பார்க்க மனிசி முன்னமே கொழும்புக்குப் போய்விட்டாவாம். இவர் பின்னால் போகிறார். இப்போது அவருக்கு ஒருவரின் இடமே மிச்சம்.

அடுத்த வரி அவருடையது. இந்த நேரத்தில் அந்த மனிதனை இவ்வளவு சனத்துக்கு முன்னால் இன்னொரு தரம் அவமானப்படுத்தவா? வரியை விழுங்கிவிட்டு மறுபடி "அரக்குங்கோ" என்று முதலுக்குத் தாவினேன்.

நமசிவாயம் எழும்பினார். மூட்டையைக் காலால் தள்ளிச் சரித்துப் போட்டார். தலைத் துவாயைக் கழற்றி அதன் மேல் விரித்தார். பாலேசுவைப் பார்த்து, "பிள்ளை, இதிலை சாய். காலை நீட்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். 1974க்குப் பிறகு என்னிடம் அவர் நேரே பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"என்ன ஐசே, என்ரை வரியை விட்டிட்டீர்?"

அவர் விடவில்லை. "இருபது வருஷம் ஊரெல்லாம் பாடிச்சுது. இண்டைக்கு நான் எழும்பி இடம் விட்டிருக்கிறன், இண்டைக்குப் பார்த்து விட்டிட்டீர்! பாடும்!" என்றார்.

பாடினேன். உப்புக்காற்றுக்குத் தொண்டை கட்டிவிட்டதால் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அக்கரை வரைக்கும் பாலேசு கால் நீட்டிச் சாய்ந்தபடியே வந்தா. வவுனியா வரை வானும், பிறகு றெயில் கோச்சியும். நமசிவாயம் கொழும்புக் கோட்டை ஸ்ரேஷனில் இறங்கும்போது, "நாலு பேர் எண்டது இப்பவும் பொய்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத்தாருக்குச் சொல்லு: புதுப் பாட்டை அவர்கள் விரும்பிய வேகத்தில் போடட்டும், ஆடட்டும். போஸ்டரில் என் பேருக்குக் கீழே 'பெடல்: பாலேஸ்வரி' என்று போட வேண்டும், ஒரே அளவு எழுத்தில். ராப்பின் தந்தை என்றது வேண்டாம். எனக்கு ஒரு பாட்டே காணும்.

ஞானாவுக்கும் மற்றவர்களுக்கும் மாமாவின் முத்தம்.

அண்ணை,
பஞ்சலிங்கம்

(கடிதத்தின் ஓரத்தில், வேறு எழுத்தில்)

பத்மா, உப்புக்காற்று என்றது பொய். நமசிவாயம் அண்ணை துவாயை விரித்ததைக் கண்டு இவர் அழுதவர். மிச்சப் பாட்டைப் பாடியது நமசிவாயம். தாளம் இல்லை, ஆனால் மூச்சு நல்லாய் இருந்தது. – பா.